ஆமை புகுந்த வீடு

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. அதைப் போயி அட்டைப்பெட்டியில வச்சு நடுவீட்டுக்குத் தூக்கிட்டு வர்றீகளே!”

தோசைக் கரண்டியும் கையுமாக அப்பத்தா இப்படிச் சொன்னபோது, பேரன் பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை.

“அமீனான்னா யாரு அப்பத்தா?”

“கோர்ட்டுல இருந்து ஜப்தி பண்ண வர்ற ஆளு.”

“அவர் வந்தா பணம் எடுத்துட்டுப் போவார். ஆமை என்ன எடுத்துட்டுப் போகும்?”

அந்தக் கேள்விக்கு அப்பத்தாவிடம் பதில் இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டார்.

இங்கிலாந்தின் ரெடிங் நகரம். ஏப்ரல் மாதத்துத் தூறல். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறு மாத விசாவில் மகன் வீட்டுக்கு வந்து அப்பத்தாவுக்கு அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து வயதுப் பேரன் பள்ளிக்குப் போய்விடுவான். பகல் முழுவதும் ஜன்னலும் அப்பத்தாவும்தான்.

ஆமையைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தாத்தா. வயதாகிவிட்டதால் வேறு ஊரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். தோட்டத்தில் பல வருடங்களாக வளர்த்த பெரிய ஆமைகள் அவரோடு போகின்றன. போன ஆகஸ்டில் இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளில் ஒன்றை மட்டும், தினமும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குக் கொடுத்தார். கூடவே, தன் கையெழுத்தில் நாலு பக்கக் குறிப்பும் கொடுத்தார்.

ஹெர்மன் ஆமை என்பது அதன் பெயர். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் என்று மத்தியதரைக் கடலோரக் காடுகளில் வாழும் நில ஆமை. தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மஞ்சளும் கறுப்புமாய் ஓடு. சட்டைப் பித்தான் மாதிரி இருக்கிறதென்று பேரன் அதற்கு ‘பட்டன்’ என்று பெயர் வைத்தான்.

நாலு பக்கக் குறிப்பைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்கள். சனி, ஞாயிறில் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்றார் மகன். அந்தச் சனி, ஞாயிறு வரவே இல்லை.

கண்ணாடித் தொட்டியில் ஏழு வாரம்

எப்போதோ மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் காகிதத் துண்டுகளைப் பரப்பி, ஜன்னலோரம் வைத்து, பேரனின் படிப்பு மேஜை விளக்கைத் தொட்டிக்கு மேல் திருப்பிவிட்டார்கள். வெளிச்சம் இருக்கிறது, ஜன்னல் வழியே வெயிலும் வருகிறது, போதாதா?

குறிப்பில் ஒரு தனி விளக்கு வாங்கச் சொல்லியிருந்ததை மருமகள் பார்த்திருந்தார். இணையத்தில் தேடி, விலையைப் பார்த்து, ‘அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டார். ஆமை இலவசமாக வந்தது. விளக்கு இலவசமாக வராதே!

முதல் இரண்டு வாரம் அப்பத்தா அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால், ஆள் இல்லாத வீட்டில் பகல் முழுக்க அசைகிற ஜீவன் அது ஒன்றுதான். கண்ணாடியில் முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தது. “எங்கயா போற? எனக்கும் வழி தெரியல, உனக்கும் தெரியல” என்று ஒருநாள் அப்பத்தாவே பேச்சுக் கொடுத்தார்.

பேச்சுக் கொடுத்த பிறகு சாப்பாடு கொடுக்காமல் இருக்க முடியுமா?

பேரன் காலையில் லெட்டூஸும் வெள்ளரியும் போட்டுவிட்டுப் போவான். ‘தண்ணியா இருக்கே, இதுல என்ன சத்து இருக்கும்?’ என்று அப்பத்தாவுக்குத் தோன்றியது. ஒரு துண்டு வாழைப்பழத்தை நசுக்கி வைத்தார். பட்டன் ஓடி வந்து வாயெல்லாம் அப்பிக்கொண்டு தின்றது. மறுநாள் தக்காளி. அதற்கு அடுத்த நாள் குழைந்த சோறு. சாயங்காலம் பள்ளி விட்டு வந்து பேரன் ஒரு ஸ்ட்ராபெர்ரியை நீட்டுவான். சிவப்பு பூசிய வாயோடு அது தின்பதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவான். எல்லோருமே ஆசையாகத்தான் கொடுத்தார்கள்.

மே மாதக் கடைசியில் பட்டன் நடப்பதை நிறுத்தியது. ஒரு மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது. மலம் இளகிப் போயிற்று. வாழைப்பழத்தைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. பேரன் கையில் எடுத்துப் பார்த்து, “அப்பா, இது ஓடு மாதிரியே இல்லை” என்றான். குரல் நடுங்கியது.

டாக்டர் கேட்ட மூன்று கேள்விகள்

ஊர்வன விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் பட்டனை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஓட்டை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஒரு வயதாகாத குஞ்சுக்கு ஓடு லேசாக நெகிழ்வது இயல்புதானாம். ஆனால், இது அதைவிட அதிகம் என்றார். பிறகு மூன்றே கேள்விகள் கேட்டார். என்ன விளக்கு? என்ன சாப்பாடு? தினமும் குளிப்பாட்டுகிறீர்களா?

மூன்றுக்கும் சரியான பதில் யாரிடமும் இல்லை.

அவர் விளக்கியது இதுதான். ஆமையின் ஓடு தனியாக மாட்டிய மூடி அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்துதான் ஓடாகியிருக்கிறது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும். அதை ஆமை தன் தோலில் படும் வெயிலைக் கொண்டுதான் தயாரித்துக்கொள்கிறது. வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர்களில் ‘யு.வி.பி’ என்ற வகைதான் அந்த வேலையைச் செய்கிறது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். யு.வி.பி-யைத் தடுத்துவிடும். சாதாரண மேஜை விளக்கில் அது கிடையவே கிடையாது.

“ஏழு வாரமா வெளிச்சத்துல இருந்திருக்கு, வெயில்ல இல்லை” என்றார் டாக்டர்.

பழமும் சோறும் அடுத்த தவறு. இந்த ஆமையின் குடல், காய்ந்த நிலத்தின் நார் நிறைந்த களைச்செடிகளை மெதுவாக நொதிக்க வைத்துச் செரிக்கும் குடல். சர்க்கரையும் மாவும் உள்ளே போனால் அந்த நொதிப்பே கெட்டுப்போகும். வயிறு கழியும், பூச்சிகள் பெருகும்.

நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள், தேறிவிடும் என்று சொல்லி, மருந்தும் கால்சியமும் கொடுத்து அனுப்பினார். அன்றைய எடை 31 கிராம்.

காரில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரன், “யார் அதுக்கு சோறு கொடுத்தது?” என்று கேட்டான். மருமகள் மாமியாரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அப்பத்தாவுக்கு உறைத்தது.

அன்றிரவு பேரன் அப்பத்தா பக்கத்தில் படுக்க வரவில்லை.

மறுநாள் காலை, காபி ஆறிக்கொண்டிருந்த மேஜையில் அப்பத்தாவே ஆரம்பித்தார். “சோறும் பழமும் நான்தான்யா வச்சேன். பசியில கெடக்குமேன்னு வச்சேன்.”

“ஸ்ட்ராபெர்ரி நான் கொடுத்தேன்” என்றான் பேரன், தலையைத் தூக்காமல்.

“விளக்கு வாங்கறதைத் தள்ளிப்போட்டது நான்தான் அத்தை” என்றார் மருமகள்.

மகன் எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து அந்த நாலு பக்கத்தையும் எடுத்து வந்தார். மூன்றாம் வரியிலேயே விளக்கு இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பழம் வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

“ஆமை வந்து இந்த வீடு கெடல” என்றார் அப்பத்தா. “இந்த வீட்டுக்கு வந்துதான் ஆமை கெட்டுப்போச்சு.”

புத்தக அலமாரி வீடானது

அந்தச் சனிக்கிழமை நிஜமாகவே வந்தது.

மாடியில் சும்மா கிடந்த பழைய புத்தக அலமாரியைக் கீழே இறக்கி, முதுகு தரையில் படும்படி மல்லாத்திப் போட்டார் மகன். தட்டுகளைக் கழற்றினால் நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரச் சுவர். மேலே திறந்த மரத்தொட்டி தயார். உள்ளே ஈரம் இறங்காமல் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்தார். பக்கவாட்டுச் சுவர் மரம் என்பதால் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும் தொல்லை இல்லை. எங்கே போக முடியாது என்பது ஆமைக்குக் கண்ணுக்குத் தெரியும்.

உரம் கலக்காத தோட்டத்து மண்ணும், குழந்தைகள் விளையாடும் சுத்தமான மணலும் சரிபாதியாகக் கலந்து நாலு அங்குலத்துக்குக் கொட்டினார்கள். குஞ்சு ஆமைக்கு மண்ணுக்குள் புதையப் பிடிக்கும். அடிமண் எப்போதும் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும், மேல்மண் உலர்ந்திருக்கலாம் என்றது தாத்தாவின் குறிப்பு.

அதற்குக் காரணமும் உண்டு. வளர்ப்பு ஆமைகள் பலவற்றுக்கு ஓட்டிலுள்ள ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். சத்து அதிகமாகக் கொடுத்ததால்தான் அப்படி ஆகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2003-ல் வியன்னா ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் முக்கியக் காரணம். வறண்ட காற்றில் வளர்ந்த குஞ்சுகளுக்கே கூம்பு அதிகம். பாலைவனத்து ஆமையாக இருந்தாலும் குஞ்சுப் பருவத்தில் அது ஈரமான வளைக்குள்தான் பதுங்கிக் கிடக்கும்.

தொட்டியின் ஒரு கோடியில் வெயில் காயும் இடம். அங்கே ஒரு தட்டைக் கல்லைப் போட்டு, அதற்கு மேல் சூடு தரும் பல்பைத் தொங்கவிட்டார்கள். கல்லின் மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்து, 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் காட்டும் வரை பல்பை ஏற்றி இறக்கினார்கள். எதிர்க்கோடி 20 டிகிரி. சூடு வேண்டுமா, குளிர்ச்சி வேண்டுமா என்பதை ஆமையே நடந்து தீர்மானித்துக்கொள்ளும். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாத பிராணிக்கு, நடக்க இடம் இருப்பதே பாதி மருந்து.

பக்கத்திலேயே யு.வி.பி குழல்விளக்கு. நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும், இரவில் எல்லாம் அணைய வேண்டும். கண்ணுக்கு நன்றாக எரிவது போலத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். வெளிச்சம் தீர்வதற்கு முன்பே யு.வி.பி தீர்ந்துவிடும்.

ஒளிந்துகொள்ள, உடைந்த பூந்தொட்டியின் பாதியைக் கவிழ்த்து உள்ளே ஈரப்பாசி வைத்தான் பேரன். குடிக்க, ஏறி இறங்க வசதியாக ஒரு தட்டையான மண்சட்டி மூடி. அதைக் கொடுத்தது அப்பத்தா. ஊரிலிருந்து குழம்புச் சட்டியோடு வந்த மூடி அது.

காலையில் 15 நிமிடக் குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடம் வரைக்கும்தான். தண்ணீரில் உட்கார்ந்தால் ஆமை வேண்டிய மட்டும் குடித்துக்கொள்ளும், சிறுநீரும் கழிக்கும். முதல்நாள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக வந்தபோது அப்பத்தா பதறிவிட்டார். அது ஆமையின் உப்பு, பிசுபிசுப்பாக இருந்தால் சரி, மணல் போல நறநறவென்று இருந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம் என்று மருமகள் படித்துச் சொன்னார்.

குளியல் பாத்திரம் சமையலறைக்குள் வரக் கூடாது, ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதும் மருமகளின் சட்டம். ஆரோக்கியமான ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

வாழைக்காயும் கீரையும்

அடுத்தது சாப்பாடு. மருமகள் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். “டேன்டிலயன், பிளான்டன்...”

“பிளான்டனா? அது நேத்து வாங்கினோமே!” என்று அப்பத்தா எழுந்து போய் வாழைக்காயை எடுத்து வந்தார். தமிழ்க் கடைப் பலகையில் வாழைக்காய்க்கு அந்தப் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். பல நாளுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். குறிப்பில் சொன்ன பிளான்டன் வேறு. புல்தரையில் தரையோடு ஒட்டி வளரும் களை. நீள நரம்போடிய இலை.

“களையா? அப்ப கடையில வாங்க வேண்டியதில்லையா?”

“தோட்டத்துல இருக்கும் அத்தை. ஆனா எது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியாது.”

அப்பத்தா செருப்பை மாட்டிக்கொண்டார்.

வரப்போரம் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மூக்கிரட்டையும் பறித்து ஒரு குடும்பத்துக்கே குழம்பு வைத்த கை அது. அவருக்கு இந்த ஊர்ச் செடிகளின் பெயர் தெரியாது. ஆனால், இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா, அடியில் சுணை இருக்கிறதா, தண்டு உள்ளே குழலா கெட்டியா, கசக்கினால் என்ன வாசம் என்று பார்க்கத் தெரியும். பேரனிடம் பெயரும் படமும் இருந்த செயலி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து புல்தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்கள்.

பல் பல்லாய் வெட்டிய இலை, உள்ளே குழலான பூத்தண்டு, கிள்ளினால் பால். அது டேன்டிலயன். சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. ஒரு செடியின் ஊதாப் பூவைப் பார்த்ததும் அப்பத்தா, “இது செம்பருத்திக்குத் தங்கச்சில்ல!” என்றார். செயலி ‘மேலோ’ என்றது. துத்தி, செம்பருத்தி, வெண்டை எல்லாம் இருக்கும் அதே குடும்பம்தான். அதன் இலையும் பூவும் ஆமைக்கு நல்லது.

இன்னொரு மஞ்சள் பூவை அப்பத்தா பறிக்கப் போனபோது பேரன் கையைப் பிடித்தான். “அது பட்டர்கப் அப்பத்தா. விஷம்.” பளபளக்கும் ஐந்து இதழ். டேன்டிலயன் கூட்டத்துக்கு நடுவிலேயே நின்றது.

“சரிதான். தெரியாத கீரையைப் பறிக்காதேன்னு எங்கம்மா சொல்லும். அது இந்த ஊருக்கும் பொருந்துது.” டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ் போன்ற அழகான தோட்டத்துப் பூச்செடிகளும் விஷப் பட்டியலில் இருந்தன. நாய் நடக்கும் பாதையோரமும், மருந்து அடித்த புல்வெளியும் வேண்டாம் என்று முடிவாயிற்று.

பசலைக்கீரை விஷயத்தில் மட்டும் அப்பத்தா வாதாடிப் பார்த்தார். “அதுல இல்லாத சத்தா?” சத்து இருக்கிறது. கூடவே ஆக்ஸலேட்டும் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஏற்கெனவே ஓடு மென்மையான குஞ்சுக்கு அதைத் தினமும் கொடுப்பது சரியல்ல. பட்டாணி, பீன்ஸ், பருப்பு, சோறு, ரொட்டி, பால், பூனைக்குப் போடும் தீனி எதுவுமே வேண்டாம்.

வாரத்தில் சில நாள் இலை மேல் ஒரு சிட்டிகை கால்சியம் பொடி. கூடவே, கடித்துக்கொள்ள ஒரு வெள்ளை ஓட்டுத் துண்டு வாங்கி வந்தார் மருமகள். அப்பத்தா அதைத் திருப்பிப் பார்த்து, “இது கடல்நுரைல்ல! நாட்டு மருந்துக் கடையில வச்சிருப்பானே” என்றார். கணவாய் மீனின் உள் ஓடு அது. ரெடிங்கிலும் காரைக்குடியிலும் ஒரே பொருள்தான்.

ஒரு வாரம் கழித்து பட்டன் முதல் டேன்டிலயன் இலையைக் கடித்தது. வாழைப்பழத்துக்கு ஓடி வந்த மாதிரி ஓடி வரவில்லை. யோசித்து, தலையை இழுத்து, மறுபடி நீட்டி, ஓரத்தில் ஒரு கடி. அப்பத்தா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில்

ஜூன் பிறந்து நல்ல வெயில் வந்த நாட்களில், புல்தரையில் கம்பிவலை மூடிய ஒரு கூண்டுக்குள் பட்டனை விட்டார்கள். பாதி வெயில், பாதி நிழல். காக்கையும் பூனையும் நரியும் வரும் ஊர் என்பதால் மேல்மூடி கட்டாயம். பக்கத்தில் நாற்காலி போட்டு அப்பத்தா காவல்.

ஏப்ரலில் வந்திறங்கியதிலிருந்தே மருமகள் தினமும் ஒரு வைட்டமின் டி மாத்திரையை அப்பத்தா தட்டில் வைப்பார். “வெயிலுக்கு மாத்திரையா?” என்று அப்பத்தா அதை ஒதுக்கிவிடுவார். இந்த நாட்டு மக்களுக்கே இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அரசு. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. பட்டனின் குழல்விளக்கைத் துடைத்துக்கொண்டே மருமகள் இதைச் சொன்னபோது, அப்பத்தா மறுபேச்சில்லாமல் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

“இதுக்கு விளக்கு. எனக்கு மாத்திரை. ரெண்டு பேரும் வெயில் ஊர்க்காரங்கதான்.”

ஒருநாள் பேரன், “நம்ம ஊர்லயும் ஆமை உண்டா?” என்று கேட்டான். முதுகெல்லாம் நட்சத்திரம் போட்ட ஆமை, மழை பெய்த மறுநாள் கரட்டில் நடந்து போகும் என்றார் அப்பத்தா. “லீவுக்குப் போகும்போது ஒண்ணு வாங்கலாமா?”

மகன் இடைமறித்தார். நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி இந்தியாவில் குற்றம். பெட்டி பெட்டியாகக் கடத்திப் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அதனாலேயே 2019-ல் அதன் சர்வதேச வணிகத்தையும் தடை செய்தார்கள். வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்றாலும் வாங்கக் கூடாது.

பட்டனின் இனத்துக்கும் அப்படியொரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கூடை கூடையாக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து விற்றார்கள். குளிர் தாங்காமல் எத்தனையோ ஆமைகள் முதல் வருடத்திலேயே செத்தன. 1984-ல் அந்த வணிகம் நின்றது. இன்று வளர்ப்பில் பிறந்த குஞ்சை விற்கக்கூட அரசுச் சான்றிதழ் வேண்டும்.

“காட்டுல இருக்கிறதை ரோட்டுல பாத்தா ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடணும்யா” என்றார் அப்பத்தா. “தூக்கக் கூடாது.”

46 கிராம்

ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்து நோட்டில் எழுதுவது பேரன் வேலை. முதல் இரண்டு வாரம் 30, 31 என்று அசையவே இல்லை. ஜூலையில் 36. ஆகஸ்டில் 41. டாக்டர் மறுபடி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். மெதுவாக வளர்வதுதான் நல்ல வளர்ச்சி என்றார். உடம்பு தேறிவரும் குஞ்சு என்பதால் இந்த முறை குளிர்கால உறக்கம் வேண்டாம், விளக்குக்குக் கீழேயே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

“உறக்கம்னா?”

பேரன் விளக்கினான். இந்த ஊரில் ஆமை வளர்ப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் அதைக் காற்றுத் துளை போட்ட பெட்டியில் வைத்து, தனியாக ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள் 5 டிகிரியில் தூங்க வைப்பார்களாம். தினமும் கதவைத் திறந்து காற்று விட்டு, எடை பார்த்து, வசந்தத்தில் எழுப்புவார்களாம்.

“பிரிட்ஜுக்குள்ளயா! மாவுச்சட்டிக்குப் பக்கத்துலயா!” அப்பத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் விசா முடிந்தது. கிளம்புகிற அன்று காலை பட்டனின் எடை 46 கிராம். அப்பத்தா அந்த நாலு பக்கக் குறிப்பைப் பேரனிடம் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, ஐந்தாவதாக ஒரு தாளை வாங்கித் தன் கையெழுத்தில் எழுதினார். எந்த இலை எந்த மூலையில் முளைக்கும், எதைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், எதை வேரோடு பிடுங்கக் கூடாது என்று. ஐந்து தாளும் இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில்தான் இருக்கின்றன. எல்லோரும் படித்தாயிற்று.

ஊரிலிருந்து வீடியோ காலில் வரும் அப்பத்தா, மகனிடம் நலம் விசாரிக்கும் முன்பு, “அது கண்ணு முழிச்சு இருக்கா? தின்னுச்சா?” என்றுதான் கேட்கிறார். பேரன் சந்தேகமான இலைகளை கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். ‘மருமகளே, மாத்திரை இங்கயும் போடணுமா?’ என்று ஒருநாள் கேட்டார். ‘திண்ணையில வெயில்ல உக்காருங்க அத்தை, அது போதும்’ என்றார் மருமகள்.

போன வாரம் பேரன் சொன்னான். “அப்பத்தா, ஹெர்மன் ஆமை எழுபது வருஷம்கூட இருக்குமாம். நான் தாத்தா ஆனப்புறமும் பட்டன் இருக்கும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஒரு சேவல் கூவியது.

“அப்ப உன் பேரனுக்கு மறக்காமச் சொல்லிக்குடு” என்றார் அப்பத்தா. “ஆசையா இருந்தாலும் வாழைப்பழம் குடுக்கக் கூடாதுன்னு.”